சுகர் நோயாளிகள் தாங்களே செய்துகொண்ட கருவிகள்: சில குறிப்புகள்

என் அக்காவின் போனில் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். ஆறு வருஷமாக அடிக்கிறது. அவள் எழுந்து, தூங்கிக்கொண்டிருக்கும் மகளின் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, மீட்டரில் வரும் எண்ணைப் பார்ப்பாள். 120, 130 என்றால் திரும்பப் படுத்துவிடுவாள். 65 என்று வந்தால் குளுக்கோஸ் கரைத்து, அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்துக் குடிக்க வைப்பாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒரு குத்து. எண் ஏறியிருந்தால்தான் தூக்கம்.

பாப்பாவுக்கு டைப் 1 சர்க்கரை நோய். எட்டு வயதில் வந்தது. நம் ஊரில் சுகர் என்றால் எல்லோருக்கும் மனதில் வருவது டைப் 2தான். நடைப்பயிற்சி, கோதுமை தோசை, மாத்திரை. இது அது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதன்பின் வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர். குறைவாகப் போட்டால் சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமாகும். கூடுதலாகப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம், வலிப்பு, சில சமயம் அதற்கும் மேலே. "இனிப்பு நிறைய குடுத்தீங்களா?" என்று அக்காவிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை.

இந்த நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. உயிர்க்காப்பு மருந்துகளில், எவ்வளவு போடுவது என்பதை நோயாளியே வேளாவேளைக்கு முடிவு செய்யவேண்டிய மருந்து இன்சுலின். டாக்டரைப் பார்ப்பது மூணு மாசத்துக்கு ஒருமுறை, பதினஞ்சு நிமிஷம். மீதி நேரமெல்லாம் டாக்டர் வேலையை அம்மாதான் பார்க்கிறாள். அப்படியென்றால் இந்த நோய்க்கான கருவிகளிலும் முறைகளிலும் பாதிக்குமேல் நோயாளிகளிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் வந்திருக்கவேண்டுமே என்று தேடினேன். பாதியா என்று சொல்லத் தெரியாது. ஆனால் கிடைத்தவை சும்மா விடக்கூடியவை இல்லை.

முதலில் ஏவா சாக்ஸ்ல். பிராக் நகரில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பிக் கணவர் விக்டருடன் ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். அங்கே போன இடத்தில்தான் டைப் 1 வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் நகரம் முழுவதையும் பிடித்தபோது மருந்துக் கடைகள் மூடப்பட்டன. இருந்த இன்சுலின் தீர்ந்துகொண்டே வந்தது. விக்டர் ஜவுளித் துறை எஞ்சினியர், ஏவாவும் மருத்துவம் படித்தவர் இல்லை. அவர்கள் கையில் கிடைத்தது ஒரு மருத்துவப் பாடப்புத்தகம். 1921இல் டொரொன்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த முறை அதில் விவரிக்கப்பட்டிருந்தது. ஒரு சீன வேதியியலாளர் தன் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார். கசாப்புக் கூடத்திலிருந்து எருமைகளின் கணையத்தை வாங்கிவந்து பிரித்தெடுத்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் வந்தது. வீரியம் எவ்வளவு என்று முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு மனிதர்களில் முதலாவதாக ஏவாவே போட்டுக்கொண்டார்.

வேலை செய்தது. அதோடு நிற்கவில்லை, நகரத்தில் இருந்த மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கும், 200 பேருக்கு மேல், அந்தப் பழுப்பு இன்சுலின் போனது. ஏவா 2002 வரை வாழ்ந்தார். இதை ஒரு வீரக்கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகலாம்தான். எனக்கு அதில் பிடித்தது வேறு. அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அச்சில் இருந்த ஒரு முறையை, கையில் இருந்த மிருகத்தை வைத்து, செய்துகாட்டினார்கள். புத்தகத்தில் முறை விவரமாக எழுதப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்தவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், அமெரிக்க எஞ்சினியர். 12 வயதில், 1946இல், டைப் 1 வந்தவர். அந்தக் காலத்தில் வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்க வழியே கிடையாது. சிறுநீரைச் சூடாக்கி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள், அது சில மணி நேரத்துக்கு முந்தின நிலவரத்தைத்தான் சொல்லும். முப்பதுகளிலேயே அவருக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது. 1969இல் ஒரு பத்திரிகையில் விளம்பரம் பார்க்கிறார்: ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளக்கும் மீட்டர். ராத்திரியில் லேப் மூடியிருக்கும்போது, அவசர சிகிச்சைக்குத் தூக்கிவரப்பட்டவர் குடித்து மயங்கியவரா, சர்க்கரை நோயாளியா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டுபிடிக்க அந்தக் கருவி. விலை 650 டாலர், எடை ஏறக்குறைய ஒன்றரை கிலோ. நோயாளிகளுக்கு விற்கமாட்டோம் என்றார்கள். அவர் மனைவி டாக்டர். மனைவி பெயரில் வாங்கினார்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அளந்து, எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது, ஒரு யூனிட் இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று எஞ்சினியர் மூளையோடு கணக்கு எழுதினார். சில வருஷங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, உடம்பும் தேறியது. கட்டுரையாக எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினால் திரும்பி வந்தது. நோயாளி வீட்டில் தானே அளப்பதா என்பதுதான் அன்றைய மனநிலை. கடைசியில் மனுஷன் வேலையை விட்டுவிட்டு 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். 2025இல் 90 வயதில் இறந்தார். இன்று நம் தெருமுனை மெடிக்கலில் விற்கும் குளுக்கோமீட்டரை வாங்கி நாமே பார்த்துக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்தை முதன்முதலில் தன் உடம்பில் நடத்திக்காட்டியவர் அவர்தான். அவருடைய உணவு முறை மிகக் கடுமையானது, வளரும் பிள்ளைகளுக்கு அது சரிதானா என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அக்கா அதைப் படித்துவிட்டு, "இந்த மனுஷன் நம்ம வீட்டுக் கல்யாணப் பந்தியில ஒக்காந்ததில்லடா" என்றாள்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன்.

சென்சார் என்பது தோலுக்கடியில் ஒரு மெல்லிய இழையை வைத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொல்லும் கருவி. நாளைக்கு 288 எண்கள். 2013இல் அமெரிக்காவில் கிடைத்த டெக்ஸ்காம் சென்சாரின் எண்கள் உள்ளங்கை அளவுள்ள ஒரு ரிசீவரில் மட்டும்தான் தெரியும். பிள்ளை பள்ளிக்கூடத்தில், ரிசீவர் பிள்ளையின் பையில், அப்பா ஆபீஸில். நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள்காரருக்கு இதே நிலைமை. அவர் மகனுக்கு நாலு வயது. ரிசீவரை ஒயர் போட்டு ஒரு போனோடு இணைத்து, எண்களை இணையத்துக்கு ஏற்றும் நிரலை எழுதி, ஆபீஸில் உட்கார்ந்தபடி மகனின் சர்க்கரையைப் பார்த்தார். 2013 மே மாதம் அதை ட்விட்டரில் சொன்னார். வேறு பெற்றோர்கள் கேட்டார்கள், கொடுத்தார். லேன் டெஸ்பரோ போன்ற எஞ்சினியர்கள் சேர்ந்தார்கள், அவர் மகனுக்கும் டைப் 1. இதுதான் நைட்ஸ்கவுட், ராத்திரிக் காவல்காரன். அந்த வருஷக் கடைசியில் நடந்த ஒரு கூட்டத்தில் பிறந்த முழக்கம்: நாங்கள் காத்திருக்கப் போவதில்லை.

அதே சமயம் சியாட்டிலில் டேனா லூயிஸ் என்ற இளம்பெண், 14 வயதிலிருந்து டைப் 1. இவருக்குப் பிரச்சினை தூக்கம். சர்க்கரை இறங்கினால் சென்சார் அலாரம் அடிக்கும், ஆனால் இவர் எழுந்திருக்கமாட்டார். சத்தத்தைக் கூட்டச்சொல்லிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. காஸ்டிக்கின் நிரலை வாங்கி, எண்களைப் போனுக்குக் கொண்டுவந்து, தான் விரும்பிய சத்தத்தில் அலாரம் வைத்துக்கொண்டார். அவர் எழுந்து பட்டனை அழுத்தாவிட்டால் ஸ்காட் லைப்ரான்டுக்குத் தகவல் போகும். அப்போது நண்பர், இப்போது கணவர்.

எண்கள் கணினிக்கு வந்துவிட்டன. சரி, இப்போது 140, இறங்கிக்கொண்டிருக்கிறது. முன்னால் போட்ட இன்சுலின் இன்னும் உடம்பில் மிச்சம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடலாமே? போட்டார்கள். கணினி சொல்வதைக் கேட்டு டேனா பம்ப்பை மாற்றிக்கொண்டிருந்தார். பம்ப் என்பது இடுப்பில் செருகிய சின்ன டப்பா, இன்சுலினைத் துளித்துளியாக நாள் முழுக்க இறக்கும். பென் வெஸ்ட் என்பவர் மெட்ரானிக் கம்பெனியின் பழைய பம்ப்கள் பேசும் ரேடியோ மொழியைப் பல வருஷம் உட்கார்ந்து அவிழ்த்துவைத்திருந்தார். அதையும் சேர்த்தபோது 2014 டிசம்பரில் வட்டம் மூடியது. சென்சார் சொல்ல, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கணினி கணக்குப் போட, பம்ப் செய்தது. நடுவில் மனிதக் கை இல்லை. 2015இல் இதன் வடிவமைப்பை ஓபன்ஏபிஎஸ் என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். இப்படித் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முதல் வணிகக் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது 2016 செப்டம்பரில்தான்.

பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதில் அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். கணினி பம்ப்புக்குக் கொடுக்கும் கட்டளை பெரும்பாலும் "அடுத்த அரை மணி நேரத்துக்கு வேகத்தை இவ்வளவு கூட்டு" அல்லது "நிறுத்திவை" என்பது மாதிரி தற்காலிகமானது. நடுவில் கணினி செத்துப்போனால், பாட்டரி தீர்ந்தால், சிக்னல் போனால், அரை மணியில் கட்டளை காலாவதியாகி, பம்ப் டாக்டர் ஏற்கனவே வைத்த பழைய வேகத்துக்குத் தானாகத் திரும்பிவிடும். அதாவது கருவி கெட்டுப்போனால் நிலைமை நேற்றிருந்த மாதிரி ஆகும், அதைவிட மோசமாகாது. கூட்டும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. எண் சந்தேகமாக இருந்தால் ஒன்றும் செய்யாதே என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். ராத்திரி தன் உடம்பிலேயே இதை ஓடவிட்டுத் தூங்கப்போகும் ஒருத்தி எழுதிய விதிகள் இவை.

ஒரு வேடிக்கை: புதிய பம்ப்களில் கம்பெனிகள் அந்த ரேடியோ வழியைப் பாதுகாப்புக்காக அடைத்துவிட்டன. அதனால் ஓட்டை உள்ள பழைய பம்ப்களை ஆட்கள் தேடித்தேடி வாங்கினார்கள். 2019இல் அந்த ஓட்டையைக் காரணம் காட்டியே கம்பெனி பழைய பம்ப்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

அதே 2019 மே மாதம் எஃப்டிஏ ஓர் எச்சரிக்கையும் விட்டது. அனுமதியில்லாமல் கோத்துச் செய்த கருவி ஒன்று ஒருவருக்கு இன்சுலினை அதிகமாகக் கொடுத்துவிட்டது. இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. ஓபன்ஏபிஎஸ்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே பெட்டியில் போட்டுக் கருவியாக யாருக்கும் தரவில்லை. வழிமுறையைத் தருவார்கள், செய்துகொள்வது அவரவர். செய்து விநியோகித்தால் மருத்துவக் கருவிச் சட்டம் வரும் என்பது ஒரு காரணம். தானே கட்டியவனுக்குத்தான் அது எங்கே பிசகும் என்று தெரியும் என்பது இன்னொரு காரணம். முதலில் படித்தபோது இந்த இரண்டாவது காரணம் எனக்குச் சால்ஜாப்பாகப் பட்டது. அக்கா வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு அப்படிப் படவில்லை.

அக்கா ஒரு நோட்டு வைத்திருக்கிறாள், நாற்பது பக்க ரூல்டு நோட்டு. சமையல்கட்டுத் தராசில் நிறுத்து எழுதியது. எங்கள் வீட்டு இட்லித்தட்டில் ஊற்றும் ஒரு இட்லிக்குச் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. கரண்டி சோறு எவ்வளவு, பணியாரம் எவ்வளவு, கோயில் சர்க்கரைப் பொங்கல் தொன்னைக்கு எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். கிளினிக்கில் கொடுக்கும் அச்சடித்த தாளில் ஆப்பிளும் பிரெட்டும்தான் இருந்தது. பக்கத்துப் பத்தியில் பாப்பாவுக்கு எத்தனை யூனிட் போட்டாள், ரெண்டு மணி நேரம் கழித்து எண் என்ன என்பது. காத்திருக்கும் ஹாலில் இதைப் பார்த்த ஒரு அம்மா ஜெராக்ஸ் கேட்டார். அப்புறம் இன்னொருவர். ஒரு வருஷத்தில் எத்தனை பிரதி போனது என்று அக்காவுக்கே தெரியாது.

அதில் ஓர் அம்மா யூனிட் பத்தியையும் அப்படியே பின்பற்றிவிட்டார். பாப்பாவுக்கு அப்போது பத்து வயது. அவர் பையனுக்கு ஐந்து, உடம்பும் சின்னது. ராத்திரி சாப்பாட்டுக்குப் போட்ட ஊசி கூடிப்போய், எண் 38. பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். பிழைத்துக்கொண்டான், இப்போது நன்றாக இருக்கிறான். அந்த அம்மா அக்காவைத் திட்டவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்க அக்கா" என்று மட்டும் போனில் சொல்லியிருக்கிறார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது என்றாள்.

தெரிந்தவரைக்கும் எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கினாள். ரெண்டு மாசம் நோட்டை யாருக்கும் காட்டவில்லை. பிறகு வேறொரு தாய் வந்து அழுதுகொண்டு கேட்டபோது, யூனிட் பத்தியை வெட்டி எடுத்துவிட்டு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாள். இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். "அது உங்க பிள்ளைக்கு நீங்க எழுதவேண்டியது, டாக்டர்கிட்ட காட்டிட்டு எழுதுங்க" என்று முதல் பக்கத்தில் கையெழுத்து. டேனா லூயிஸ் பெயரை அக்கா அப்போது கேள்விப்பட்டதே இல்லை.

நான் டாக்டர் இல்லை, இந்தக் கட்டுரையைப் படித்து யாரும் ஊசி அளவை மாற்றவேண்டாம் என்று சொல்வதும் இந்த இடத்தில்தான் பொருந்தும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நியூசிலாந்தில் 97 பேரை, குழந்தைகளும் பெரியவர்களுமாக, இரண்டு பிரிவாகப் பிரித்து 24 வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு நோயாளிகள் எழுதிய அந்தத் திறந்த நிரல், மறு பிரிவுக்குச் சென்சாரோடு சாதாரணப் பம்ப். 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. சர்க்கரை 70க்கும் 180க்கும் நடுவில் இருந்த நேரம் முதல் பிரிவில் 61லிருந்து 71 சதவீதமானது, மற்றதில் கொஞ்சம் குறைந்தது. பிரிவுகளுக்கிடையே வித்தியாசம் நாளொன்றுக்கு 3 மணி 21 நிமிஷம். இரண்டு பக்கமும் கடுமையான தாழ்சர்க்கரை ஒன்றுகூட இல்லை. கட்டுரையாசிரியர்களில் ஒருவர் டேனா லூயிஸ். பெர்ன்ஸ்டீன் டாக்டர் பட்டம் வாங்கப் போகவேண்டியிருந்தது, இவர் போகவில்லை. 2023 ஜனவரியில், நோயாளிகள் உருவாக்கிய லூப் என்ற செயலியிலிருந்து வந்த டைட்பூல் லூப்புக்கு எஃப்டிஏ அனுமதியும் கொடுத்தது.

இது சர்க்கரை நோயோடு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் டால் கோல்ஸ்வர்த்தி என்ற எஞ்சினியருக்கு மார்ஃபான் நோய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கிக்கொண்டே போனது. ஸ்கேனிலிருந்து தன் தமனியின் அச்சைச் செய்து, அதன் அளவுக்கே ஒரு வலைச் சட்டையைத் தைத்து வெளியே போர்த்தினால் என்ன என்று யோசித்து, டாக்டர்களைச் சம்மதிக்க வைத்து, 2004இல் முதல் அறுவை சிகிச்சையைத் தனக்கே செய்துகொண்டார். போர்ச்சுகல் ஆய்வாளர் பெட்ரோ ஒலிவேராவும் எம்ஐடியின் எரிக் வான் ஹிப்பலும் மற்றவர்களும், அரிய நோயுள்ள 500 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் விசாரித்து 2015இல் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டோர், 53 சதவீதம், தாங்களாக ஏதோ ஒரு வழி செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவ நிபுணர்கள் பார்த்து, இது உண்மையிலேயே புதிது என்று ஒப்புக்கொண்டவை 8 சதவீதம். சிலது ரொம்ப எளிமை: நடக்கப் பழகாத மகனுக்காக அறை நிறைய வாயு பலூன்களை மிதக்கவிட்டு, அவன் எட்டிப்பிடிக்க எழுந்து குதிக்கும்படி செய்த ஒரு தாய்.

நம் பக்கம் என்ன இருக்கிறது? பம்ப் லட்சக்கணக்கில், சென்சார் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கில். ஓபன்ஏபிஎஸ் இலவசம்தான், அதை ஓட்டத் தேவையான சாமான்கள் இலவசம் இல்லை. அக்காவிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "மாசம் எவ்வளவுடா ஆகும்?"

அவளிடம் இருப்பது பானை. ஊர்த் திருவிழாவுக்குப் போனால், கரண்ட் போனால், அகலமான மண்சட்டியில் ஆத்து மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, அதற்குள் சின்னக் கலயம், கலயத்துக்குள் பிளாஸ்டிக் பையில் இன்சுலின், மேலே ஈரத்துணி. இதுவும் அவள் கண்டுபிடிப்பு இல்லை, கிளினிக் வரிசையில் ஒரு பாட்டி சொன்னது. கென்யாவின் தாதாப் அகதி முகாமில் இருக்கும் வெப்பநிலையை எம்எஸ்எஃப் டாக்டர்கள் குறித்துவைத்து, ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதேபோல 25க்கும் 37 டிகிரிக்கும் நடுவில் ஏறி இறங்கும் வெப்பத்தில் இன்சுலினை வைத்துச் சோதித்தார்கள். நாலு வாரம் வரை வீரியம் ஃபிரிட்ஜில் வைத்ததற்குச் சமமாகவே இருந்தது என்று 2021இல் எழுதினார்கள். அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னேன். "அப்ப அந்தப் பாட்டி சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டு, மே மாச மதுரை வெயில் 37ஐத் தாண்டுமே, அப்போது என்ன என்று கேட்டாள். சரியான கேள்வி. வெயில் காலத்தில் பானைக்குள் ஒரு தெர்மாமீட்டரும் போட்டு, காலை மதியம் சாயங்காலம் எழுதச் சொல்லியிருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறாள்.

பாப்பாவுக்கு இப்போது பதினாலு. போன வாரம் டேனா லூயிஸ் கதையைச் சொன்னேன். "என்ன மொழில எழுதினாங்க மாமா அந்தக் கோடு?" என்று கேட்டாள். ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தானும் என்றேன். பரீட்சை மாசத்துக்கு மட்டும் சென்சார் வாங்குவதாக இப்போதைக்கு ஏற்பாடு, பாதிப் பணம் நான். சென்சார் போட்ட முதல் ராத்திரி அக்காவின் போனிலேயே எண் வந்தது, விரலைக் குத்தவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ரெண்டு மணி அலாரத்தை அவள் எடுக்கவில்லை. எழுந்து, போனில் எண்ணைப் பார்த்துவிட்டு, பாப்பாவின் கழுத்தில் கைவைத்து வேர்த்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் படுத்தாளாம்.